நின்று நின்று ஓடும் மின்சார பகி: கொன்ட்ரோலருக்குக் காசு கொடுக்கமுன் பார்க்க வேண்டியவை

ஹோட்டல், தொடர்மாடி, வைத்தியசாலை, கிளப் என்று கொழும்பில் எங்கேயாவது ஒரு மின்சார கோல்ஃப் வண்டியின் (பகியின்) பொறுப்பு புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால் இதை வாசியுங்கள். அடியோடு ஓடாத வண்டியைத் திருத்துவது சுலபம். நன்றாக ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்று, ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்புகிற வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். திருத்துபவர் வந்து நிற்கும் நேரத்தில் அது ஒழுங்காக ஓடும். அவரும் பாவம், எதையாவது சொல்ல வேண்டும். "கொன்ட்ரோலர் போயிட்டுது" என்பார். பற்றரியில் இருந்து மோட்டருக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் பெட்டி அது. பற்றரித் தொகுதியை விட்டால் வண்டியின் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் பிழை அதில் இருப்பதில்லை.

வண்டி செத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் அளந்த அளவை மட்டும் நம்புங்கள். ஓடுகிற வண்டியில் எடுத்த அளவை வைத்து ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

வண்டியின் தொடர் இலக்கத் தகட்டைப் படம் எடுங்கள். பெரும்பாலும் அது இருக்கைக்குக் கீழே அல்லது டாஷ்போர்ட்டில் இருக்கும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வண்டிகளுக்குள் வேறு வேறு வயரிங் இருக்கலாம். தொடர் இலக்கத்துக்குப் பொருந்தும் சேர்விஸ் புத்தகமும் வயரிங் படமும் இல்லாமல் தொடங்கினால் பாதி நாள் வயர் தேடுவதிலேயே போய்விடும். கொன்ட்ரோலரின் லேபல், சார்ஜரின் லேபல், பற்றரி வாங்கிய பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். பில் தொலைந்திருந்தால் பற்றரியின் மேல்பக்கத்தையும் முனைகளையும் துடைத்துப் பாருங்கள். பல கம்பனிகள் உற்பத்தித் திகதியைக் குறியீடாகப் பொறித்திருக்கும்.

கருவிகள்: நேர் மின்னோட்டத்தில் 200 வோல்ட்டுக்கு மேல் அளக்கும் மல்டிமீட்டர், கிளிப் பூட்டிய நீள வயர் இரண்டு, கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பனர்கள், அசிட் பற்றரியானால் ஹைட்ரோமீட்டர் (அசிட்டின் அடர்த்தியை அளப்பது), காய்ச்சி வடித்த நீர், அப்பச்சோடா, கம்பித் தூரிகை, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. தொடாமல் வெப்பம் பார்க்கும் வெப்பமானி கிடைத்தால் நல்லது. கோவிட் காலத்தில் வாசலில் நெற்றிக்குப் பிடித்தது சரிவராது, அது உடல் வெப்ப அளவுக்கு மட்டும் செய்தது. பொறியியல் வேலைக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

2. கை வைக்கமுன்

மோதிரம், சங்கிலி, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். 48 வோல்ட் ஷொக் அடிப்பது அபூர்வம். ஆனால் ஸ்பனரோ மோதிரமோ இரண்டு முனைகளுக்குக் குறுக்கே பட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், உலோகம் உருகும்.

இழுவை–ஓட்டம் (Tow/Run) சுவிட்ச் இருக்கும் வண்டியில் அதை இழுவைக்கு மாற்றிய பின்னரே பற்றரி வயரைக் கழற்ற வேண்டும். முதலில் கழற்றுவது தொகுதியின் பிரதான நெகட்டிவ், கடைசியில் பூட்டுவதும் அதுவே. கழற்றிய பிறகும் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டரில் மின் கொஞ்ச நேரம் தங்கும்.

சில்லைச் சுழலவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பழைய சீரிஸ் மோட்டர் (உள்ளே இருக்கும் சுருள்கள் தொடராக இணைந்த வகை) உள்ள வண்டியில் சில்லு அந்தரத்தில் இருக்கும்போது பெடலை முழுதாக மிதிக்கக் கூடாது. சுமை இல்லாத சீரிஸ் மோட்டர் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்து உள்ளே சிதறிவிடும்.

தொடர்மாடிகளில் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில்தான் பகியைச் சார்ஜ் போடுகிறார்கள். அசிட் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வெளிவரும். காற்றோட்டம் இல்லாத மூலையில் போட வேண்டாம். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது முனைகளில் கை வைக்கவும் வேண்டாம்.

3. எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள்

ஓட்டுபவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஐந்து விடயங்கள் போதும்: ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம், ஏற்றமா சமதரையா, மழையா அல்லது கழுவிய பிறகா, பெடலை மிதிக்கும்போது "டிக்" சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓடியது. ஒரு வாரக் குறிப்பு இருந்தால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

"டிக்" கேட்கவில்லை என்றால் சிறிய வயர்கள், சுவிட்சுகள் பக்கம் போங்கள். "டிக்" கேட்டும் அசையவில்லை என்றால் சொலினொயிட்டின் (பெடலை மிதித்ததும் மின்னை இணைக்கும் பெரிய சுவிட்ச்) உள்முனை, தடித்த கேபிள், மோட்டர் அல்லது பெடல் உணரி (எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்வது). இழுவை குறைந்து குறைந்து நின்று, ஆறவிட்டால் கொஞ்சத் தூரம் ஓடினால் பற்றரி. அரை மணி நேரம் ஓடிய பிறகே நின்று, குளிர்ந்ததும் சரியானால் வெப்பம். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது நின்றால் எங்கோ ஒரு வயர் தளர்ந்திருக்கிறது.

இரண்டு இடங்களில் ஏமாறுவீர்கள். ஒன்று, "லைட் எரிகிறது, அப்ப பற்றரி நல்லம்" என்பது. பல வண்டிகளில் லைட்டுக்கும் ஹோர்னுக்கும் 12 வோல்ட்டைத் தொகுதியின் ஒரு பகுதியில் இருந்து மட்டும் எடுத்திருப்பார்கள். மற்றப் பக்கத்தில் கேபிள் விட்டுப்போயிருந்தாலும் லைட் பளிச்சென்று எரியும். இரண்டாவது, வண்டி நின்றதும் காலை எடுக்காமலே திறப்பைப் போட்டுப் போட்டுப் பார்ப்பது. பெடல் மிதிபட்டிருக்கும்போது திறப்பைத் திருப்பினால் பல கொன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காகவே ஓட மறுக்கும். காலை எடுங்கள், திறப்பைப் போடுங்கள், பிறகு மிதியுங்கள். ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாலே சில முறைப்பாடுகள் நின்றுவிடும்.

4. பற்றரி: ஓய்வில் ஒரு முறை, சுமையில் ஒரு முறை

முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, ஓர் இரவு விடுங்கள். சார்ஜர் கழற்றிய உடனே அளந்தால் பொய்யாகக் கூடிய அளவு காட்டும். காலையில் ஒவ்வொரு பற்றரியாக அளந்து எழுதுங்கள். ஈய அசிட் பற்றரியில் நிறைந்த நிலை: 6 வோல்ட்டுக்குச் சுமார் 6.37, 8 வோல்ட்டுக்கு 8.5, 12 வோல்ட்டுக்கு 12.7. 36 வோல்ட் தொகுதி சுமார் 38.2 காட்டும், 48 வோல்ட் தொகுதி 50.9. 48 வோல்ட் தொகுதி 48.4 காட்டினால் அது ஏறக்குறைய அரைவாசிதான்.

இதோடு நிறுத்திவிட்டு "பற்றரி ஓகே" என்று எழுதிவிடுகிறார்கள். ஓய்வில் 8.4 காட்டும் பற்றரி, மோட்டர் இழுக்கும்போது 5க்கு விழலாம். கொழும்பு தட்டையான ஊர், ஏற்றத்துக்கு எங்கே போவது என்றால் நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் சாய்வுப் பாதைதான் சரியான இடம். இரண்டு பேரை ஏற்றி, நீள வயரில் மீட்டரைக் கிளிப் பண்ணி, ஒருவர் ஓட்ட மற்றவர் ஒவ்வொரு பற்றரியாகப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் அல்லது அதற்கு மேல் கூடுதலாக இறங்கினால் ஆள் பிடிபட்டுவிட்டது. தொகுதி வோல்ட் கீழே போனதும் கொன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்ற வெட்டிவிடும். சுமை போனதும் வோல்ட் திரும்ப ஏறும், வண்டியும் ஓடும்.

மூடி கழற்றக்கூடிய பற்றரியானால் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். நிறைந்த நிலையில் அடர்த்தி அளவு 1.265க்கும் 1.280க்கும் இடையில் இருக்கும். அறைகளுக்கிடையே வித்தியாசம் 0.050 அளவுக்கு வந்தால் அந்தப் பற்றரி முடிந்தது. நீர் மட்டத்தை இந்த வெயிலுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது பாருங்கள். சார்ஜ் முடிந்த பிறகே நிரப்ப வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூடும் அளவுக்கு முன்னதாகவே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கடையில் அசிட்டை நீட்டினால் அதுவும் வேண்டாம். பற்றரியில் குறைவது நீர்தான்.

ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றலாமா? தொகுதி வாங்கி ஒரு வருடம் ஆகாவிட்டால் அதே வகை, அதே அளவில் மாற்றலாம். மூன்று வருடத் தொகுதிக்குள் புதியதொன்றைப் போட்டால், மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் கெதியாகக் கெடும். முழுதாக மாற்றும்போது பழையவற்றைச் சும்மா விட்டுவிட வேண்டாம். ஈயத்துக்கு நிறைக் கணக்கில் விலை உண்டு. பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

5. கேபிளும் முனைகளும்

வெள்ளவத்தை, காலிமுகத்திடல் பக்கம் நிற்கும் வண்டியென்றால் நான் பற்றரிக்கு முன்னாலேயே இதைத்தான் பார்க்கச் சொல்வேன். கடல் காற்றின் உப்பும் அசிட் ஆவியும் சேர்ந்து லக்குக்குள் (கேபிள் நுனியில் பூட்டியிருக்கும் உலோக வளையம்) போய் கம்பியை அரிக்கும். வெளியே பார்த்தால் ரப்பர் உறை புதிதாக இருக்கும், உள்ளே பச்சைத் தூள்.

ஏன் இது விட்டுவிட்டு வரும் பிழையாகிறது என்றால்: ஏற்றத்தில் மோட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு முனையில் 0.01 ஓம் தடை கூடினாலே அங்கே 1.5 வோல்ட் தொலைந்து, 225 வாட் வெப்பம் பிறக்கும். சூட்டில் முனை விரிந்து தொடர்பு விடும். குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயத் தண்டிலேயே குத்துங்கள், மற்றதைக் கேபிள் லக்கில். சுமையோடு ஓட்டும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். லக்குக்கும் கேபிளின் செம்புக்கும் இடையிலும் அப்படியே பாருங்கள். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு வெப்பமானியைப் பிடித்தால் மற்றவற்றைவிடச் சூடான முனை தானாகவே காட்டிக்கொடுக்கும்.

ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, கழுவி, காயவிட்டுப் பூட்டுங்கள். கரைசல் பற்றரிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. பூட்டிய பிறகே மேலே வாசலின் பூசுங்கள், முன்னால் அல்ல. நட்டை இறுக்கும் அளவு புத்தகத்தில் இருக்கும். பலத்தைக் காட்டினால் ஈயத் தண்டு உள்ளே சுழன்று, அதுவே புதியதொரு விட்டுவிட்டு வரும் பிழையாகிவிடும்.

புதுக் கேபிளைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வெட்டிச் செய்து தருவார்கள். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு, வெள்ளீயம் பூசிய லக், அறுகோண கிரிம்ப் (லக்கைக் கருவியால் அறுகோணமாக அழுத்திப் பூட்டுவது), மேலே சூட்டில் சுருங்கும் உறை என்று சொல்லிக் கேளுங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டித் தந்தால் வாங்க வேண்டாம். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பெரிய காசு இல்லை.

6. சொலினொயிட்டும் அதற்கு முன்னால் உள்ள சிறிய சுவிட்சுகளும்

பெடலை மிதித்ததும் "டிக்" என்பது சொலினொயிட். நான்கு முனைகள்: இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. சிறிய முனைகளுக்கு மின் போனால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு பெரிய முனைகளை இணைக்கும்.

வண்டி செத்து நிற்கும் நேரத்தில் பெடலை மிதித்தபடி இரண்டு சிறிய முனைகளுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். சட்டகத்தில் இருந்து அளக்க வேண்டாம், சில வண்டிகளில் கொன்ட்ரோலர் நெகட்டிவ் பக்கத்தைத்தான் திறந்து மூடும். அங்கே சொலினொயிட்டில் எழுதியிருக்கும் வோல்ட் வந்தும் "டிக்" இல்லை என்றால் சுருள் போய்விட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் சொலினொயிட்டில் பிழை இல்லை, அதற்கு முன்னால் தேடுங்கள். "டிக்" கேட்கிறது என்றால் பெரிய முனைகளுக்குக் குறுக்கே பாருங்கள். மூடிய நிலையில் ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும். பல வோல்ட் நின்றால் உள்முனை கருகியிருக்கிறது.

ஓடும்போது மட்டும் வரும் பிழைக்கு ஒரு தந்திரம்: மீட்டரைச் சிறிய முனைகளில் கிளிப் பண்ணி, வயரை இருக்கைக்கு வெளியே எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். வண்டி நின்ற அந்தக் கணத்தில் திரையில் 48 இருக்கிறதா பூச்சியமா என்பது பாதிக் கேள்விக்குப் பதில்.

பூச்சியம் என்றால் பின்னோக்கிப் போங்கள்: திறப்புச் சுவிட்ச், பெடல் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச், முன்–பின் சுவிட்ச், இழுவை–ஓட்டம் சுவிட்ச், சார்ஜ் சொக்கெட்டின் பூட்டு. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுவார்கள். சார்ஜ் வயரோடு வண்டி ஓடிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு அது. சொக்கெட்டில் ஈரமோ தூசியோ சேர்ந்தால் சார்ஜர் இன்னும் பூட்டியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். மழைக்குப் பிறகு நிற்கும் வண்டிகளில் முதலில் இங்கே பாருங்கள். உயர்அழுத்தத் தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவுவதையும் நிறுத்துங்கள்.

மைக்ரோ சுவிட்ச் இருப்பதிலேயே மலிவான பாகம். சந்தேகம் வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சொலினொயிட் வாங்கும்போதுதான் கவனம். கார் ஸ்டார்ட்டருக்குப் போடும் 12 வோல்ட் சொலினொயிட்டும் பார்வைக்கு இதேபோல இருக்கும், விலையும் குறைவு. அது சில விநாடி வேலைக்குச் செய்தது. பகியில் பெடல் மிதிபட்டிருக்கும் நேரமெல்லாம் மூடியே இருக்க வேண்டும். பழையதில் எழுதியிருக்கும் சுருள் வோல்ட்டும், தொடர் வேலைக்கு உரியது என்பதும் பொருந்த வேண்டும். பழையதில் ரெசிஸ்டரும் டயோட்டும் பூட்டியிருந்தால் கழற்றமுன் படம் எடுங்கள். டயோட்டை மாறிப் பூட்டினால் முதல் மிதியிலேயே அது எரியும், சில நேரம் கொன்ட்ரோலரையும் கூட்டிக்கொண்டு போகும்.

காலை எடுத்த பிறகும் சொலினொயிட் திறக்காமல் ஒட்டியிருந்தால் அன்றே வண்டியை ஓரங்கட்டுங்கள். அதை ஓட்டக் கூடாது.

7. பெடல் உணரியும் வேக உணரியும்

ஒரு குறிப்பிட்ட மிதியில் மட்டும் வெட்டினால், அதற்கு மேலோ கீழோ நன்றாக இருந்தால், பெடல் உணரி தேய்ந்திருக்கும். 0 முதல் 5 கிலோ ஓம் வகையானால் பிளக்கைக் கழற்றி ஓம் அளவில் வைத்து மெல்ல மிதியுங்கள். எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும், இடையில் குதித்தால் மாற்ற வேண்டியதுதான். ஓம் அளவில் பிடிபடாத வகைகளும் உண்டு, அவற்றுக்குப் புத்தகத்தில் உள்ள வோல்ட் அளவைப் பாருங்கள். மோட்டர் முனையில் வேக உணரி உள்ள வண்டிகள் அது கெட்டால் உதறும், அல்லது ஆமை வேகத்துக்கு இறங்கும். அந்தப் பிளக்கில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

8. சூடு

கொன்ட்ரோலரும் மோட்டரும் சூடானால் தாமாகவே குறைக்கும் அல்லது நிறுத்தும். அது பழுது அல்ல, ஏன் சூடாகிறது என்பதே கேள்வி. பின் சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள், பிரேக் உரசினால் இறுக்கம் தெரியும். டயரில் காற்றைப் பாருங்கள், பெரும்பாலான பகி டயர்களுக்கு 20 பிஎஸ்ஐ அளவு. கொன்ட்ரோலரின் சூட்டை வெளியேற்றும் தகட்டில் சேறு அப்பியிருந்தால் துடையுங்கள். நான்கு பேர் வண்டியில் ஆறு பேரும் பயணப் பெட்டிகளும் ஏறினால் எந்தப் பாகத்தை மாற்றியும் பயன் இல்லை. பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள மோட்டரானால் பிரஷ்ஷின் நீளத்தையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். தேய்ந்த பிரஷ் நின்ற இடத்தில் தொடர்பை விடும், வண்டியைக் கையால் கொஞ்சம் தள்ளினால் கிளம்பும். தள்ளினால் கிளம்புகிறது என்று ஓட்டுபவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

9. லித்தியம் வண்டி என்றால்

இங்கே 4ஆம் பகுதியின் அளவுகள் செல்லாது. 16 செல் கொண்ட 51.2 வோல்ட் தொகுதி நிறைந்து ஓய்வில் 53 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பெரும்பகுதி ஓட்டத்துக்கு அதிகம் இறங்காது. அடையாளம்: லைட், திரை எல்லாமே ஒரேயடியாக அணைந்து, கொஞ்ச நேரத்தில் அல்லது திறப்பை நிறுத்திப் போட்டதும் வரும். உள்ளே இருக்கும் காப்புச் சுற்று வெட்டுகிறது. காரணம் கூடிய மின்னோட்டம், வெப்பம், அல்லது ஒரு செல் மட்டும் பின்தங்கியிருப்பது. பற்றரிக்கு போன் செயலி இருந்தால் செல் வாரியான வோல்ட்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும். மாற்றுத் தொகுதி வெளிநாட்டில் இருந்து வருமென்றால் விமானப் பொதியில் லித்தியத்துக்கு அபாயப் பொருள் விதிகள் உண்டு, அதற்கான நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. சார்ஜரைத் தப்பவிடாதீர்கள்

அமெரிக்காவில் இருந்து வந்த பாவித்த வண்டியோடு 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் சார்ஜரும் வந்திருக்கும். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இறக்கும் மின்மாற்றி ஒன்றைப் போட்டுச் சமாளிப்பார்கள். வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. பாரமான பழைய மின்மாற்றி வகைச் சார்ஜர்களில் ஹேர்ட்ஸ் மாறினால் வெளிவரும் அளவும் குறையும். பற்றரி நிறையவே நிறையாது, புதுத் தொகுதியும் ஒரு வருடத்தில் சோர்ந்துவிடும். லேபலில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கும் சார்ஜரே வேண்டும்.

11. திருத்தக் கொடுக்கும்போது

காசு கூடிக்கொண்டே போகும் வரிசை இது: சுத்தம் செய்தல், மைக்ரோ சுவிட்ச், கேபிள், சொலினொயிட், உணரிகள், மோட்டர் பிரஷ், கொன்ட்ரோலர், பற்றரித் தொகுதி. தேடுவதும் இந்த வரிசையிலேயே இருந்தால் நட்டம் குறைவு. முதல் மூன்றும் ஒரு நாள் வேலை. கொன்ட்ரோலர் கையிருப்பில் இல்லாவிட்டால் வாரக் கணக்கில் வண்டி நிற்கும்.

கொன்ட்ரோலர் என்று சொல்பவரிடம் மூன்று அளவை எழுத்தில் கேளுங்கள்: பிழை வந்த நேரத்தில் உள்ளே வந்த வோல்ட், பெடலில் இருந்து வந்த அளவு, மோட்டருக்குப் போன வோல்ட். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது இல்லை என்றால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். மோட்டர் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம். பாவித்த கொன்ட்ரோலர் வாங்கினால் வோல்ட், அம்பியர், பெடல் வகை மூன்றும் பொருந்த வேண்டும். பில்லில் பாகத்தின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் வாசலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் காசைக் கொடுத்துவிட வேண்டாம். கொப்பியில் எழுதிய அதே சுமை, அதே சாய்வு, அதே நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு கிழமை கழித்து எல்லா முனை நட்டுகளையும் மறுபடி ஸ்பனர் வைத்துப் பாருங்கள். புது லக்குகள் முதல் கிழமையில் கொஞ்சம் தளரும்.